வெளிநாட்டுச் சிறுவர் நீதிமன்றச் சங்கமொன்றில் ஆறு வருடம்: சேரலாமா?

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியான என்னிடம் ஜூனியராக இருந்துவிட்டு இப்போது தனியாகத் தொழில் செய்யும் தங்கச்சி ஒருத்தி போன கிழமை வட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "அக்கா, நீங்கள் அந்தச் சிறுவர் நீதிமன்றச் சங்கத்தில இருக்கிறீங்கள்தானே, காசுக்குப் பிரயோசனம் இருக்கோ? நானும் சேரட்டோ?" அதே நாள் பின்னேரம் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லிச் சங்கத்தின் மின்னஞ்சலும் வந்தது. அவளுக்குக் குரல் பதிவில் பதில் சொல்லத் தொடங்கினேன். எட்டு நிமிடம் போயும் முடியவில்லை. அழித்துவிட்டு இதை எழுதுகிறேன், வேறு யாருக்காவதும் உதவட்டும்.

இப்படியான சங்கங்கள் எவை என்று தெரிந்தவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். சிறுவர், குடும்ப வழக்குகளைக் கேட்கும் நீதிபதிகளுக்கென ஒரு சர்வதேசச் சங்கம் 1928இல் பிரசெல்ஸில் தொடங்கியது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் மூன்றிலும் சஞ்சிகை வெளியிடுகிறது. அமெரிக்காவில் சிறுவர், குடும்ப நீதிமன்ற நீதிபதிகளின் தேசியப் பேரவை 1937இல் உருவானது, அதன் தலைமையகம் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் இருக்கிறது. 1963இல் தொடங்கிய இன்னொன்றில் நீதிபதி, சட்டத்தரணி, உளவியலாளர், மத்தியஸ்தர் என்று குடும்ப வழக்கைத் தொடும் எல்லோரும் சேரலாம். இவை தவிர நாட்டுக்கு நாடு சிறியதும் பெரியதுமாக வேறு சங்கங்களும் உண்டு. நான் இருப்பது எது என்று சொல்லப் போவதில்லை. குறையும் சொல்ல இருக்கிறேன், அதைப் பெயர் வைத்துச் சொல்ல விருப்பமில்லை.

2019 மே மாதம் சேர்ந்தேன். சந்தா வருடத்துக்கு 150 டொலர். அன்றைக்கு அது 26,000 ரூபாவுக்குச் சற்று மேல். 2022 மே மாதம் அதே 150 டொலர் 54,000 ரூபாவாகிவிட்டது. அதுவும் காசு இருந்தால்கூடக் கட்ட வழியில்லை, என் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கட்டணம் போகவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலத்தில் இதற்கு 54,000 ரூபாவா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கடைசியில் லண்டனில் இருக்கும் மச்சாள் கட்டினாள். சங்கம் மூன்று மாதம் பொறுத்திருந்தது, அதுவரை என் கணக்கைப் பூட்டவில்லை. அதை நன்றியோடுதான் நினைக்கிறேன். இப்போது 45,000 ரூபா வருகிறது.

சரி, அந்தக் காசுக்கு என்ன கிடைத்தது?

பதினொரு வருடமாக நான் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுவந்த விதம் பிழை என்பது கிடைத்தது. 2020 ஊரடங்கில் நீதிமன்றங்கள் அநேகமாக மூடிக் கிடந்த நாட்களில் சங்கத்தின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றுள் ஒன்று ஐம்பது நிமிடப் பதிவு. பாதிக்கப்பட்ட பிள்ளைகளிடம் பயிற்சி பெற்றவர்கள் வாக்குமூலம் எடுக்கும் முறை ஒன்றைப் பற்றியது. அமெரிக்காவின் சிறுவர் சுகாதாரத்துக்கும் மனித மேம்பாட்டுக்குமான தேசிய நிறுவனத்தில் ஆராய்ந்து உருவாக்கிய முறை அது. நான் அந்த வேலை செய்பவள் இல்லை. ஆனால் அதன் முதல் பத்து நிமிடம் எந்தப் பிள்ளையோடு கதைக்கும் எவருக்கும் பொருந்தும் என்று அன்றைக்கே பட்டது.

முறை இதுதான். விஷயத்துக்குப் போக முன்னம் பிள்ளைக்குச் சில அனுமதிகளைக் கொடுக்க வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லலாம். நான் பிழையாகச் சொன்னால் என்னைத் திருத்தலாம். சொன்னால் மட்டும் போதாது, செய்து பார்க்க வேண்டும். "என்ர செருப்பு சிவப்பு எண்டு சொன்னால் அது உண்மையோ, பொய்யோ?" "எங்கட வீட்டு நாய்க்கு என்ன பேர்?" நாயின் பேர் பிள்ளைக்குத் தெரியாது. தெரியாது என்று அது சொன்ன உடனே பாராட்ட வேண்டும். அடுத்தது, வழக்கோடு சம்பந்தமில்லாத ஒரு நாளைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொல்லவிட வேண்டும். அதற்குப் பிறந்தநாள் கொண்டாட்டத்தை உதாரணம் காட்டினார்கள். நான் நல்லூர்த் திருவிழாவைக் கேட்பேன். "வீட்டால வெளிக்கிட்டதில இருந்து திரும்பி வந்ததுவரைக்கும் சொல்லு." இருபத்தைந்து நாள் திருவிழாவில் ஒரு நாளாவது போகாத பிள்ளை இங்கே குறைவு. கிறிஸ்தவப் பிள்ளை என்றால் கோயில் பெருநாள். ஐஸ்கிறீம், சனம், செருப்புத் தொலைந்த கதை எல்லாம் வரும். பேச்சு ஓடத் தொடங்கிய பிறகுதான் விஷயம். அதிலும் ஓம், இல்லை என்று முடிகிற கேள்வி கூடாது. "என்ன நடந்தது?" "அதுக்குப் பிறகு?" அவ்வளவுதான். பிள்ளை நிறுத்தினால் நாங்களும் பேசாமல் இருக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு இது எவ்வளவு தேவை என்று இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரியவர் கேட்டால் ஓம் என்று தலையாட்டுவதுதான் நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று வளர்க்கிறோம். அதே பிள்ளை பொலிசிலும் ஓம் என்கிறது, நீதிமன்றத்திலும் ஓம் என்கிறது, என்னிடமும் ஓம் என்கிறது.

ஒரு பெடியன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பதின்மூன்று வயது. தோட்டக் கிணற்றடியில் நீர் இறைக்கும் மோட்டர் களவு போன வழக்கு. முதல் தவணைக்கு முன்னம் விறாந்தையில் வைத்துக் கேட்டேன். "நீ போனனியோ?" "ஓம்." "மோட்டரைக் கழட்டினனியோ?" "ஓம்." "ஆருக்கு வித்தனீ?" பேச்சில்லை. தாய் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தா. இரண்டாவது முறை அவனை என் அலுவலகத்துக்குக் கூட்டிவரச் சொல்லி, தாயை முன் அறையில் இருக்கவைத்து, செருப்பில் தொடங்கினேன். சிவப்புச் செருப்புக்குச் சிரித்தான். நாயின் பேருக்கு "ரொமி" என்று ஊகித்துச் சொன்னான். "உனக்கு எப்பிடித் தெரியும்? தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லலாம் எண்டனான்" என்று திரும்பச் சொன்னேன். மூன்றாவது கேள்வியில்தான் தெரியாது என்றான். அந்தச் சொல்லை ஒரு பெரிய ஆளிடம் சொல்ல அவனுக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. திருவிழாக் கதை இருபது நிமிடம். பிறகு மோட்டர். "எனக்கு ஒண்டும் தெரியாது ராசா, நான் அங்க நிக்கேல்லை. நீதான் சொல்லவேணும்" என்றேன். அவன் மோட்டரைத் தொடவே இல்லை. ஒழுங்கை முடக்கில் நின்று ஆள் வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறான் ஒரு பெரிய பெடியன். மோட்டரை எப்படிக் கழற்றுவது என்றே இவனுக்குத் தெரியாது. கழற்றினாயா என்று கேட்டவர்கள் எல்லோருக்கும், எனக்கும்தான், ஓம் என்று சொல்லியிருக்கிறான்.

சட்டப்படியும் இது சின்ன விஷயம் இல்லை. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் குற்றப் பொறுப்புக்கான ஆகக் குறைந்த வயதை 8இலிருந்து 12 ஆக்கியது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளை என்றால், தான் செய்ததன் தன்மையும் விளைவும் விளங்கும் முதிர்ச்சி அதற்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். இந்தப் பெடியன் அந்த வயதுக்காரன். பிள்ளை தன் வாயால் கதை சொல்லாமல் அந்த முதிர்ச்சியை எதை வைத்து எடைபோடுவது? ஐ.நா. சிறுவர் உரிமைக் குழு 2019இல் வெளியிட்ட 24ஆம் இலக்கப் பொதுக் கருத்துரையில் அந்த வயதை 14 ஆகவாவது உயர்த்தும்படி நாடுகளைக் கேட்டிருக்கிறது. அந்தக் கருத்துரையை எனக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் சங்கத்தின் மாதக் கடிதம்தான்.

இரண்டாவது பெரிய பயன், உறுப்பினர் பட்டியல். யாழ்ப்பாணத்துக் குடும்ப வழக்கில் பாதி, வெளிநாட்டோடு முடிச்சுப் போட்டது. தகப்பன் கனடாவில், தாய் இங்கே. அல்லது லீவுக்கென்று பிள்ளையைக் கூட்டிவந்தவர் திரும்பிப் போக மாட்டேன் என்கிறார். பிள்ளைகளை வேறு நாட்டுக்குக் கடத்தி வைத்திருப்பது பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் சமவாயத்தில் இலங்கை 2001இல் இணைந்தது, அதே வருடம் 10ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. நீதி அமைச்சின் செயலாளர்தான் மத்திய அதிகாரி. இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்து இணைந்த ஒரு நாட்டோடு சமவாயம் நடைமுறைக்கு வர, மற்ற நாடு அந்த இணைவை ஏற்றிருக்க வேண்டும் என்பதை நான் கவனிக்கவே இல்லை. ஆகவே ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். பட்டியலில் பேரைப் பார்த்து டொரண்டோச் சட்டத்தரணி ஒருவருக்கு எழுதினேன். முன்பின் தெரியாதவர். விடியும்போது பதில் இருந்தது. அந்த ஏற்பைப் பற்றிய 38ஆம் உறுப்புரையை முதலில் பார்க்கச் சொன்னார். பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கோரி ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிப்பது ஏன் முக்கியம், பிந்தினால் பிள்ளை புதிய இடத்தில் ஊன்றிவிட்டது என்ற வாதம் எப்படி எழும் என்றெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். காசு கேட்கவில்லை. ஒரே சங்கத்தில் இருக்கிறோம் என்பது ஒன்றுதான் எங்களுக்குள் இருந்த உறவு. அந்தத் தாய்க்கு நான் தவறான ஆலோசனை சொல்லாமல் தப்பியது அந்த மனிதரால்.

சஞ்சிகையும் நல்லது. சான்றிதழ்கள் எனக்கு இங்கே எதற்கும் உதவவில்லை. மாநாட்டுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, ஆனால் விசாவும் விமானச் சீட்டும் யார் தருவது? அதை விடுவோம்.

இனி நேரத்துக்கு வருகிறேன். ஆறு வருடமாக என்னைக் கடைந்த விஷயம் இது.

நேரடி அமர்வுகள் எல்லாம் அமெரிக்கக் கிழக்குக் கரையின் நண்பகலில் தொடங்கும். எங்களுக்கு அது இரவு 9.30. மார்ச்சில் இரண்டாவது ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை முன்னே தள்ளி, நவம்பரில் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். இழுத்த பிறகு எங்களுக்கு 10.30. மணிக்கூடு மாற்றுவது எங்களுக்குப் புதிது இல்லை. 1996இல் நாட்டின் நேரத்தை முன்னே தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. பாதை திறந்த 2002க்குப் பிறகு முகமாலைச் சோதனைச் சாவடியைக் கடக்கும்போதெல்லாம் அரை மணித்தியாலத்தை மாற்றி மாற்றிக் கணக்குப் பார்த்தவர்கள் நாங்கள், 2006இல் முழு நாடும் பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை. அப்படியிருந்தும் இந்த நவம்பர்க் கணக்கில் இரண்டு முறை ஏமாந்தேன். ஒரு முறை 9.30இலிருந்து வெறும் திரைக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருந்தேன். அடுத்த நாள் காலை மல்லாகம் நீதிமன்றத்தில் வழக்கு விளக்கம். அமர்வு முடிய நள்ளிரவு தாண்டிவிட்டது.

பதிவைப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு கிழமை கழித்துப் பதிவு வரும், ஆனால் கேள்வி நேரத்தை வெட்டிவிட்டுத்தான் போடுவார்கள். எனக்கு வேண்டியதோ அந்தக் கேள்வி நேரம்தான். ஏனென்றால் பேச்சில் வருவது எல்லாம் அவர்களிடம் இருக்கும் வசதியை வைத்துப் பேசுவது. பிள்ளைக்கென்று தனிச் சட்டத்தரணி, பிள்ளை யாரோடு இருப்பது நல்லது என்று ஆராய்ந்து எழுதும் உளவியலாளர், தாயும் தகப்பனும் முகம் பார்க்காமல் பிள்ளையைக் கைமாற்றுவதற்கென்றே ஒரு நிலையம். இங்கே பிள்ளையைக் கையளிப்பது நீதிமன்ற விறாந்தையில், இல்லாவிட்டால் பொலிஸ் நிலையத்தில். நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவர் எத்தனை பிள்ளைகளின் அறிக்கையைத்தான் எழுதுவார்? யாழ்ப்பாணத்தில் சிறுவர் நீதிமன்றம் தனியாக இருக்கிறது, அந்த வகையில் நாங்கள் பாக்கியசாலிகள். நாட்டின் பெரும்பாலான இடங்களில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாகவும் அமர்கிறது. எங்கள் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. சிகாகோவில் உலகின் முதல் சிறுவர் நீதிமன்றம் தொடங்கி நாற்பது வருடத்துக்குப் பிறகு, அதே எண்ணத்தில் எழுந்த சட்டம்தான். எண்ணம் ஒன்று, ஆளும் காசும் வேறு. அப்படியிருக்க, இந்த வசதி ஒன்றும் இல்லாத இடத்தில் இதை எப்படிச் செய்வது என்று கேட்கத்தான் கண்விழித்து இருப்பேன். 2022இல் கரண்ட் இல்லாத இரவுகளில் கைபேசியில், மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்திருக்கிறேன். எழுதி அனுப்பிய பதினொரு கேள்விகளில் இரண்டுக்குப் பதில் வந்தது. மற்றவற்றுக்கு நேரம் போதவில்லை என்றார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அவர்கள் பக்கமும் விளங்குகிறது. உறுப்பினர்களில் பெரும்பாலானோர் அங்கே இருக்கிறார்கள், மதிய இடைவேளைதான் அவர்களுக்கு ஓய்வு. நானே நேரம் குறித்தாலும் பெரும்பாலானோரைத்தான் பார்ப்பேன். அதனால் மாற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லை. வருடத்தில் ஒரே ஒரு அமர்வை அவர்களின் காலை 8 மணிக்கு வையுங்கள் என்றுதான் கேட்டேன். எங்களுக்கு அது மாலை 5.30, குளிர்காலம் என்றால் 6.30. மலேசியாவிலும் கென்யாவிலும் இருந்து இரண்டு உறுப்பினர்களும் இதையே எழுதினார்கள். 2020, 2021, 2023, 2024 என்று நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. நான்கும் ஒரே வசனம். இந்தக் கிழமை சந்தாக் கடிதத்தோடு புதிய வருடத்துக்கான கால அட்டவணையும் வந்தது. பன்னிரண்டு அமர்வு. பன்னிரண்டும் நண்பகல்.

பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், பதிலை நீங்களே வாயில் போட்டுக் கொடுக்காதீர்கள் என்று எனக்குச் சொல்லித்தந்தவர்கள் இவர்கள். அதனால்தான் கோபம் இவ்வளவு வருகிறது. பிள்ளைகளோடு கதைக்கும் என் விதத்தையே மாற்றிய சங்கம் இது. இந்தத் தொழிலில் நான் செலவழித்த காசில் இதைப்போல் பலன் தந்தது வேறொன்றும் இல்லை. மேலே எழுதியதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுக்க மாட்டேன்.

ஆனாலும் தங்கச்சிக்கு நேற்று நான் அனுப்பிய பதில்: இப்போது சேராதே. உனக்குக் கைக்குழந்தை. இரவு பத்தரைக்கு நீ கண்விழித்திருந்தால் பிள்ளைக்காக இருக்க வேண்டும், இதற்காக வேண்டாம். 45,000 ரூபாவும் உனக்கு இப்போது பெரிய காசு. நானும் இந்த வருடம் கட்டவில்லை. கடைசித் திகதி வருகிற வெள்ளி, போனால் போகட்டும்.

அவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். அந்த முதல் பத்து நிமிடத்தை, செருப்பு, நாய், நல்லூர் எல்லாம் சேர்த்து, என் சொந்த வசனத்தில் இரண்டு பக்கத் தமிழ்த் தாளாக எழுதி வைத்திருக்கிறேன். நன்னடத்தை உத்தியோகத்தர் இருவரும் உளவளத்துணையாளர் ஒருவரும் அதைப் பார்த்துத் திருத்தியும் தந்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலை வந்தால் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போகலாம். குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரட்டும்.